வெண்ணெயும் உப்பும் இதயமும்

1987 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதுவரை அந்த நாடு காணாத ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயால் ஓர் இளைஞரின் நுரையீரல் அடியோடு கெட்டுப்போயிருந்தது. புரூஸ் ரைட்ஸ் தலைமையிலான மருத்துவர்கள், இறந்த ஒருவரிடமிருந்து எடுத்த இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே அவருக்குப் பொருத்தினார்கள். இரு நுரையீரல்களை மட்டும் மாற்றும் முறை அப்போதுதான் தொடங்கியிருந்த காலம். சரி, அந்த இளைஞரின் சொந்த இதயம் என்ன ஆனது? அது நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்து இன்னொரு இதய நோயாளிக்குப் பொருத்தினார்கள். இங்கிலாந்தில் ஹேர்ஃபீல்ட் மருத்துவமனையில் மக்டி யாகூப்பும் இப்படிப்பட்ட கைமாற்று அறுவை சிகிச்சைகளைப் பல முறை செய்தார்.

இந்த நோயாளிகளின் இதயத்துக்குத் தனி மதிப்பும் இருந்தது. கெட்டுப்போன நுரையீரலுக்குள் பல ஆண்டுகள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, வலது கீழறை உரமேறியிருக்கும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும் ஒருவருக்குப் புதிய இதயம் தேவைப்பட்டால், இப்படிப் பழகிய இதயமே நன்றாக ஈடுகொடுக்கும்.

அந்தக் காலத்துச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருத்துவர்களுக்கு இதய நோய் என்றால் ஒன்றே ஒன்றுதான். நுரையீரல் சிதையச் சிதைய ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், நுரையீரலின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கும், அவற்றை எதிர்த்து உழைக்கும் வலப்பக்க இதயம் முதலில் தடித்து, கடைசியில் தளர்ந்துவிடும். கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும். நோயின் இறுதிக் கட்டம் அது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவைக்கும் மாரடைப்பை இவர்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வயது வரை அவர்கள் வாழவே இல்லை.

நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் 1938இல் இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். 1950களில் இதோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஏழாவது குரோமோசோமில் உள்ள, இதற்குக் காரணமான மரபணுவை 1989இல் லாப்-சீ சூயி, ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. சிஎஃப்டிஆர் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. செல்லின் சவ்வில் குளோரைடு போய்வரும் வாசலாக அந்தப் புரதம் வேலை செய்கிறது. 1,480 அமினோ அமிலங்களில் 508ஆம் இடத்தில் உள்ள ஒன்றே ஒன்று விடுபட்டுப்போவதுதான் மேற்கு நாடுகளில் மிகப் பரவலான பழுது.

வாசல் அடைபட்டால் தண்ணீரும் சரியாக ஊறாது. நுரையீரலில் சளி கட்டிப்பட்டுக் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. கணையத்தின் குழாய்கள் அடைபடுகின்றன; செரிமான நொதிகள் குடலை எட்டாததால் உண்ட கொழுப்பு அப்படியே மலத்தோடு போய்விடுகிறது. வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை தலைகீழ். உடல் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டிய உப்பு வெளியே வழிந்துவிடும். வியர்வையில் உள்ள குளோரைடை அளந்துதான் இன்றும் இந்த நோயை உறுதிசெய்கிறார்கள்.

மாரடைப்புக்கான வழிகளை இந்த நோயே ஓரளவு அடைத்து வைத்திருந்தது என்பது இப்போது புரியும். உப்பு உடலில் தங்காததால் ரத்த அழுத்தம் ஏறவில்லை. கொழுப்பு சேராததால் கொலஸ்ட்ரால் தாழ்ந்தே இருந்தது. உடம்போ எலும்பும் தோலும்.

அந்த உடம்புக்குச் சதை போட நடந்த போராட்டம் மருத்துவ வரலாற்றில் மறக்கக் கூடாத ஒன்று. கொழுப்பு செரிக்கவில்லை என்றால் கொழுப்பைக் குறை என்பதுதான் நெடுங்காலம் பெரும்பாலான மருத்துவர்கள் சொன்னது. கனடாவின் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் டக்ளஸ் குரோசியர் 1970களில் இதற்கு நேர் எதிராகப் போனார். முழுப் பால், முட்டை, வெண்ணெய் எதையும் தடுக்காதே, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதி மாத்திரையை மட்டும் தாராளமாகக் கொடு என்றார். 1988இல் டொரான்டோ, பாஸ்டன் நகரங்களின் இரு மருத்துவ மையங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நுரையீரல் சிகிச்சை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உயிர்வாழ்வின் இடைநிலை வயது பாஸ்டனில் 21, டொரான்டோவில் 30. ஒன்பது ஆண்டு வித்தியாசம்! அன்று முதல் உலகெங்கும் இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சொன்ன அறிவுரை, நிறையச் சாப்பிடு, கொழுப்பைச் சேர், உப்பை அள்ளிப் போடு என்பதுதான். வெண்ணெயும் உப்பும் அவர்களுக்கு மருந்தாகவே இருந்தன.

2019 அக்டோபரில் மூன்று மருந்துகளைச் சேர்த்த டிரிகாஃப்டா என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பழுதான புரதத்தை மடித்துச் சரிசெய்து செல்லின் சவ்வுக்கு அனுப்புகிறது, வாசலைத் திறந்தும் வைக்கிறது. பெரிய சோதனையில் நுரையீரலின் மூச்சுத்திறன் சுமார் 14 சதவீதப் புள்ளிகள் கூடியது. வியர்வையின் குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிமோலுக்கு மேல் குறைந்தது. நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்த பலருக்கு அது தேவைப்படாமலே போயிற்று. அமெரிக்காவில் இந்த நோயாளிகளில் இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் பெரியவர்கள். அங்கே அண்மையில் பிறந்த குழந்தைகளின் எதிர்பார்க்கப்படும் இடைநிலை ஆயுள் ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இதயத்தின் கணக்கு இங்கேதான் மாறுகிறது. உப்பு உடலில் தங்கத் தொடங்கியதும் ரத்த அழுத்தம் சிறிது ஏறுகிறது. பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, கொலஸ்ட்ராலும் மேலே போகிறது. ஒல்லியாகவே பார்த்துப் பழகிய நோயாளிகளில் சிலர் இப்போது உடல் பருமனோடு மருத்துவரைப் பார்க்க வருகிறார்கள். நோய் இயல்பாகப் போட்டிருந்த தடுப்புகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன.

பழைய ஆபத்துகளோ விலகவில்லை. கணையம் வடுப்பட்டுச் சுருங்குவதால் பெரியவர்களில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நீரிழிவு வருகிறது. நுரையீரலில் பல்லாண்டுகளாகக் கனன்ற அழற்சி ரத்தக்குழாய்களையும் தொடுகிறது. இளம் வயதினரிடமே தமனிகள் விறைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிஎஃப்டிஆர் புரதம் இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது என்பதால், பழுது அங்கேயும் நேரடியாக வேலை செய்யக்கூடும். நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் நோய் எதிர்ப்புத் தணிப்பு மருந்துகள் தம் பங்குக்கு ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஏற்றுகின்றன.

2010லேயே பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழ், இதயத் தமனி அடைப்பு இந்த நோயில் ஒரு புதிய பிரச்சினையாக வரப்போகிறதா என்ற கேள்வியை எழுப்பியது. நெஞ்சு வலித்தால் இவர்களுக்கு முதலில் நுரையீரலைத்தான் நினைக்கத் தோன்றும், நோயாளிக்கும் மருத்துவருக்கும். மாரடைப்பின் அறிகுறி அந்தப் பழக்கத்துக்குள் எளிதில் ஒளிந்துகொள்ளும். பொதுமக்களுக்காக உருவாக்கிய இதய ஆபத்துக் கணிப்பு அட்டவணைகளோ, பிறந்த நாள் முதல் அழற்சியோடு வாழ்ந்த நாற்பது வயதுக்காரரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

உணவு அறிவுரையும் மாறி வருகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கொழுப்பு என்ற பழைய விதியை விட்டு, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற ஆரோக்கியமான உணவு என்கின்றன புதிய வழிகாட்டுதல்கள். இதைச் சொல்வது எளிது. சின்ன வயதில் அம்மா கெஞ்சிக் கெஞ்சி ஊட்டிய வெண்ணெயை, அதனாலேயே பிழைத்த ஒருவரிடம் குறைத்துக்கொள்ளச் சொல்ல மருத்துவருக்குப் பொறுமையும் கனிவும் வேண்டும். இன்னும் எடை போதாமல் தவிக்கும் நோயாளிக்கு அதே அறிவுரையைக் கொடுத்தால் அது தீங்காகவே முடியும். ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பேச்சு இது.

இந்தியாவில் நிலைமை வேறு. இந்த நோய் இங்கே இல்லை என்றே வெகுகாலம் நம்பப்பட்டது; ஆனால் இப்போது வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற மருத்துவமனைகள் அது இருப்பதைக் கண்டு சிகிச்சையும் தருகின்றன. நம் வெயிலில் இந்தக் குழந்தைகள் வியர்வை வழியே உப்பை இழந்து துவண்டுபோய் வருவதுண்டு. 508ஆம் இடத்துப் பழுது இந்திய நோயாளிகளிடம் மேற்கு நாடுகளைவிடக் குறைவு, ஆகவே புதிய மாத்திரை எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கும் கை எட்டாத விலை: அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். வயது கூடுவதால் வரும் மாரடைப்பைப் பற்றி டொரான்டோவிலும் லண்டனிலும் பேசிக்கொண்டிருக்கையில், காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ நினைத்துப் பல ஆண்டுகள் தவறான சிகிச்சை பெற்று வரும் இந்தியச் சிறுவனின் எக்கோ பரிசோதனையில் மருத்துவர் தேடுவது, வலப்பக்க இதயம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டதா என்பதைத்தான்.