அணைந்த சுடரின் மறு ஒளி

நாஞ்சில் என்றாலே கலப்பை என்று பொருள். எனவே நம் கதையைக் கொல்லன் பட்டறையிலிருந்தே தொடங்கலாம். வெண்மையாகப் பழுத்த ஓர் ஆணியையும் ஒரு கலப்பைக் கொழுவையும் உலையிலிருந்து ஒரே நேரத்தில் வெளியே எடுங்கள். ஆணி சில நொடிகளில் சிவந்து கறுத்துவிடும். கொழுவோ நெடுநேரம் கழித்துத்தான் அந்தச் சிவப்பு நிலைக்கு இறங்கும். பெரிய பொருள் மெதுவாகக் குளிர்கிறது. அதன் சிவப்பும் தாமதமாக வருகிறது.

சூரியனிலும் இப்படி ஒன்று நிகழ்கிறது.

சுடர் என்பது என்ன?

சூரியப் புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலம் வில் போன்ற வளைவுகளாக எழுந்து நிற்கிறது. அதில் தேங்கிய ஆற்றல் திடீரென விடுபடும்போது, வளைவுகளுக்குள் உள்ள வாயு ஒரு கோடி டிகிரிக்கும் மேல் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. இதுவே சூரியச் சுடர். வாயு ஏறத்தாழ 25 முதல் 30 இலட்சம் டிகிரிக்குக் குளிரும்போது, 15 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுக்கள் 33.5 நானோமீட்டர் அலைநீளத்தில் கடும் புற ஊதாக் கதிரை உமிழ்கின்றன. பட்டறையில் சிவப்பு எப்படியோ, இங்கே இக்கதிர் அப்படி.

இரண்டாம் உச்சம்

இக்கதிர் வளிமண்டலத்தின் மேலடுக்குகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், 1899-இல் நிறுவப்பட்டுச் சூரியனை ஆராய்ந்துவரும் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்திலிருந்தும் இதைக் காண இயலாது. 2010-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எஸ்.டி.ஓ. செயற்கைக்கோள்தான் வழிகாட்டியது. ஆராயப்பெற்ற 191 சுடர்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்றில், எக்ஸ் கதிர் தணிந்து பல நிமிடங்களோ சில மணிகளோ கழித்து 33.5 நானோமீட்டர் கதிர் மீண்டும் உச்சம் தொட்டது. சிலவற்றில் இப்பிற்கட்டத்தின் ஆற்றல் முதற்கட்டத்தையும் விஞ்சியது!

காரணம்? குட்டையான வளைவுகள் ஆணியைப்போல் விரைவில் குளிர்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள நெடிய வளைவுகள் கொழுவைப்போல் மெதுவாகக் குளிர்கின்றன. சில சுடர்களில் நெடிய வளைவுகள் பின்னர் மீண்டும் சூடேற்றப்படுவதும் உண்டு.

நமக்கு என்ன?

கடும் புற ஊதாக் கதிர் நம் அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்களைப் பெருக்குகிறது. குளச்சல் கடலில் செல்லும் படகின் ஜி.பி.எஸ். கருவிக்கு வரும் சைகைகள் இந்த எலெக்ட்ரான்களைக் கடந்தே வரவேண்டும். அவை மிகுந்தால் சைகை தாமதித்து, காட்டும் இடம் சற்றுப் பிசகும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் அயனி மண்டலத்தின் போக்கே தனி. இராக்கெட் ஏவத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதும் இக்கோட்டின் அருகாமையால்தான்.

சுடர்களை எக்ஸ் கதிர் அளவைக் கொண்டே வகைப்படுத்துவது வழக்கம். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட நம் ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் எக்ஸ் கதிர்க் கருவிகள் உள்ளன. அதன் புற ஊதாத் தொலைநோக்கியோ 200 முதல் 400 நானோமீட்டர் வரையே காண்பது. ஆகவே, எக்ஸ் கதிர் தணிந்ததும் சுடர் முடிந்தது என்று கணக்கை மூடினால், பூமிக்கு வந்த ஆற்றலில் ஒரு பங்கு விடுபட்டுப்போகும். வெண்மை மங்கியதைப் பார்த்துக் கொழுவைக் கையால் தொடுவோர் உண்டா?