நான்கு மாதமாகியும் கம்பம் வசப்படவில்லையா?

வேலை நேரத்திற்குப் பிறகு என்ன கற்றுக் கொள்கிறோம் என்பதைப் பற்றி நம் கருத்துக்களத்தில் பேசியபோது, கடைசியாக ஒலிவாங்கியைப் பிடித்தவர் ஈப்போவைச் சேர்ந்த ஒரு பெண். ஒவ்வொரு சனிக்கிழமையும் கோலாலம்பூருக்குக் காரோட்டிப் போய் போல் டான்ஸ் கற்றுக் கொள்வதாகச் சொன்னார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "நாலு மாசமாச்சு அக்கா. தலைகீழாத் தொங்க எனக்கு இன்னும் வரல. கூடச் சேர்ந்தவங்க எல்லாம் தொங்குறாங்க. போன வாரம் திரும்பி வரும்போது தாப்பா ஓய்விடத்துல காரை நிறுத்தி அழுதேன். விட்டுடலாமா?" என்றார். நேரம் முடிந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அது மனத்தை உறுத்திக் கொண்டே இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நடனம் இரவு விடுதிகளின் வழியாகப் பரவியது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று அது உடற்பயிற்சியாகவும் போட்டி விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. இதற்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2009இல் தொடங்கப்பட்டது. 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி வழங்கியது.

கம்பத்தில் உடலை வளைப்பது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. விழுப்புரம் பக்கம் போனால் பள்ளிப் பிள்ளைகள் மல்லர் கம்பம் ஏறுவதைப் பார்க்கலாம். மல்லர் என்றால் மற்போர் வீரர். அவர்கள் பயிற்சி செய்த மரக்கம்பம்தான் தனி விளையாட்டாக மாறியது. மகாராஷ்டிராவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் பாஜிராவ் காலத்தில், பாலம்பட்ட தாதா தேவதர் என்ற ஆசான் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். அமராவதியிலிருந்து போன குழு 1936இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் செய்து காட்டியது. 2019இல் மும்பையில் முதல் உலகப் போட்டியே நடந்தது. கம்பம் தரைக்கு மேல் ஏறத்தாழ எட்டரை அடி. அடியில் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். தோல் உரியாமல் இருக்க விளக்கெண்ணெய் பூசுவார்கள். திருவிழா வழுக்கு மரத்தை நினைத்துக் கொள்ளாதீர்கள். அங்கே எண்ணெய் நம்மை வழுக்கி விழ வைப்பதற்கு!

அந்த விளையாட்டில் வந்த அன்றே யாரும் தலைகீழாகத் தொங்குவதில்லை. தரையில் உடலைப் பதப்படுத்தி, கம்பத்தைத் தொடையால் கவ்வப் பழகி, ஏறி இறங்கி, அதற்குப் பிறகுதான் மற்றவை. பெரும்பாலோர் சிறு வயதிலேயே தொடங்குகிறார்கள். நம் சகோதரி முப்பதை நெருங்கும் வயதில், வாரத்திற்கு ஒரு மணி நேரம் பழகுகிறார். நான்கு மாதம் என்பது கேட்பதற்குத்தான் நீளம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ பதினேழு மணி நேரம்தான் ஆகும்.

சரி, ஏன் வரவில்லை? "வரவில்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல காரணங்கள் இருக்கின்றன. முதலாவது தோல். வழுவழுப்பான உலோகக் கம்பத்தில் துணி பிடிக்காது, தோல்தான் பிடிமானம். அதனால்தான் அரைக்கால் சட்டை. அது கவர்ச்சிக்காக என்று சிரித்தவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் எவ்வளவு பலசாலியும் சறுக்குவார். காலையில் பூசிய கிரீம்கூட மாலையில் சறுக்க வைக்கும். கம்பத்தையும் கையையும் அடிக்கடி துடைப்பது, ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பொடியைப் பூசுவது, வகுப்பு நாளில் கிரீமைத் தவிர்ப்பது ஆகியவற்றிலேயே பாதிச் சறுக்கல் நின்றுவிடலாம்.

அடுத்தது பலம். தலைகீழாகத் திரும்ப, இடுப்பைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தோளும் முதுகும் வயிறும் சேர்ந்து உழைத்தால்தான் முடியும். நாள் முழுதும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பலம் இருக்கிறது? தசை சில மாதங்களில் பலப்பட்டுவிடும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் மெதுவாகத்தான் பலப்படும். அந்த இடைவெளியில்தான் ஆர்வக் கோளாறில் முழங்கையையும் தோளையும் கெடுத்துக் கொள்கிறோம். தொடையில் நீலம் பூப்பது வழக்கமானதுதான். மூட்டில் குத்தும் வலியோ விரல் மரமரப்போ வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நம்மை அழ வைப்பது. 1897இல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர், தந்தி கற்பவர்களின் வேகத்தை வாரந்தோறும் அளந்தார்கள். வரும் செய்தியைக் கேட்டுப் புரிந்து கொள்ளும் வேகம் ஏறிக் கொண்டே வந்து, ஓரிடத்தில் பல வாரம் அசையாமல் நின்றது. பிறகு மறுபடியும் ஏறியது. நின்ற காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கப் பழகிக் கொண்டிருந்தார்கள் என்று அவ்விருவரும் விளக்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாரிடமும் இந்தத் தேக்கம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1979இல் ஷே, மோர்கன் என்பவர்கள் கையசைவுகள் சிலவற்றை இரு விதமாகக் கற்பித்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறியவர்களே சிறப்பாகச் செய்தார்கள். அதாவது, வகுப்பில் எப்படித் தெரிகிறோம் என்பது எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பதற்குச் சரியான அளவுகோல் அல்ல. நாமோ கண்ணாடிக்கு முன்னால் நின்று, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, அந்த நிமிடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்தபோது, வெட்டிச் சாய்க்கப் போகும் கிழட்டு மரங்களில்தான் அவரைக் கத்தி பிடிக்க விட்டார்களாம். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது; கூடினால் மரத்தில் காயம்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். "அப்ப அழுதீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "அழுதேன். ஆனா யாரும் என்னை நல்ல மரத்துக்கு அனுப்பலையே, அதுவரைக்கும் நல்லதுதான்" என்றார். கற்றுக் கொள்பவர் கெடுப்பதற்கென்று சில மரங்களை ஒதுக்கி வைத்த அந்த ஏற்பாட்டை நான் அடிக்கடி நினைத்துக் கொள்வேன். நாம் நமக்கு அப்படி எதையும் ஒதுக்கிக் கொள்வதில்லை.

நானும் இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு வகுப்பில் சேர்ந்து ஆறாவது வாரத்தில் நின்றுவிட்டவள். வேலை நெருக்கடி என்று எல்லாரிடமும் சொன்னேன். திரையில் தெரியும் முகம், வகுப்பில் எல்லாருக்கும் கடைசியாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை.

எனவே, சகோதரி, விடுவதா வேண்டாமா என்பதை வகுப்பு முடிந்து வரும் வழியில் முடிவு செய்யாதீர்கள். களைத்த உடம்பு எப்போதும் "விடு" என்றுதான் சொல்லும். புதன்கிழமை யோசியுங்கள். வாரத்தில் இன்னும் இரண்டு நாள், வீட்டில் கால் மணி நேரம், தோளுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி கொடுங்கள். தலைகீழ் அசைவை அடுத்த சில வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஏறுவதையும் உட்காருவதையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மீண்டும் முயலும்போது கீழே தடித்த மெத்தையும், பக்கத்தில் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த பயிற்சியாளரும் இருக்கட்டும். இரண்டும் இல்லையென்றால் திரும்ப வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு கம்பமே பிடிக்கவில்லை என்று தோன்றினால் தாராளமாக விடுங்கள். அதில் குற்றமில்லை.

முதல் வாரத்தில் கைத்தொலைபேசியில் எடுத்த படம் இருக்கும். தரையிலிருந்து ஒரு முழம்கூட எழும்பாத அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமை எடுக்கும் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.