ஒருநாள் தாளில் உறையும் வரலாறு

நுழையும்முன்

காலையில் வாயிலில் வந்து விழும் நாளிதழ் மாலைக்குள் பழையதாகிவிடுகிறது. மாத இறுதியில் எடைக்குப் போய்விடுகிறது. அவ்வாறு போகவிடாமல் சிலர் காத்துவைத்த தாள்களிலிருந்தே நம் இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி மீட்கப்பட்டது. பாரதியின் எழுத்துகள் மீட்கப்பட்ட வரலாற்றின் வழியே, பழைய இதழ்த் தொகுப்புகளின் அருமையை இப்பாடம் உணர்த்துகிறது.

நூலும் இதழும்

நீண்டகாலம் நிலைக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு அச்சிடப்படுவது நூல். அதற்கு உறுதியான கட்டமைப்பு உண்டு. நூலகத்தில் ஓர் இடமும் உண்டு. இதழுக்கோ இவை இரண்டும் இல்லை. மலிவான தாளில், விரைந்து அச்சிடப்பட்டு, அன்றே படிக்கப்பட்டு, மறுநாள் மறக்கப்படுவது அதன் இயல்பு. ஆயினும், ஒரு காலத்தின் மூச்சை இதழ் அளவிற்கு அணுக்கமாகப் பதிவு செய்வது வேறொன்றில்லை. அரிசியின் விலை, கப்பல் புறப்படும் நாள், பொதுக்கூட்ட அறிவிப்பு, மருந்து விளம்பரம், தலையங்கம் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்படும் வரலாற்றில் முடிவு தெரிந்தவரின் குரல் கேட்கிறது. இதழிலோ, நாளை என்ன நிகழும் என்பதை அறியாதவரின் குரல் கேட்கிறது. அதுவே அதன் தனிமதிப்பு.

பாரதியும் இதழ்களும்

பாரதியை நாம் கவிஞராகவே பெரிதும் அறிவோம். ஆனால், அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குச் சோறிட்ட தொழில் இதழியலே. 1904ஆம் ஆண்டு ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1905இல் ‘சக்ரவர்த்தினி’ என்னும் மகளிர் மாத இதழின் ஆசிரியரானார். 1906ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் அவருடைய அரசியல் மேடையாயிற்று. சிவப்பு வண்ணத் தாளில் வெளிவந்த அவ்விதழ், கருத்துப்படங்களை வெளியிட்டுத் தமிழ் இதழியலில் புதுவழி வகுத்தது. 1908இல் அடக்குமுறை மிகுந்தபோது பாரதி புதுச்சேரிக்குச் சென்றார். ‘இந்தியா’வும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவதை அரசு தடுத்தமையால் 1910இல் நின்றுபோயிற்று. ‘விஜயா’ என்னும் நாளிதழும் புதுவையில் இவ்வாறே தோன்றி மறைந்தது.

இவ்விதழ்களில் பாரதி எழுதியவை கவிதைகள் மட்டுமல்ல. தலையங்கங்கள், செய்திக் குறிப்புகள், கட்டுரைகள், கதைகள் எனப் பலவகைப்பட்டவை. அவற்றுள் பல பெயரின்றி வெளிவந்தன. சில காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் போன்ற புனைபெயர்களில் வந்தன. 1921இல் அவர் மறைந்தபோது இவற்றில் பெரும்பகுதி நூல்வடிவம் பெறவில்லை. இதழின் படிகள் அழிந்தால் எழுத்தும் அழியும் என்பதே அன்றைய நிலை.

இதழாளர் ஒருவரின் தேடல்

இந்நிலையில் பழைய இதழ்களைத் தேடிப் புறப்பட்டோருள் குறிப்பிடத்தக்கவர் ரா. அ. பத்மநாபன். இவரும் ஓர் இதழாளர். ஒரு செய்தி எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு அச்சாகிறது, எவ்வளவு விரைவில் குப்பைக்குச் செல்கிறது என்பனவற்றைத் தம் தொழிலால் அறிந்தவர். பாரதியின் ஒளிப்படங்கள், கடிதங்கள், இதழ்ப் பக்கங்கள், பாரதியோடு பழகியவர்களின் நினைவுகள் ஆகியவற்றை அரிதின் முயன்று சேர்த்தார். அவ்வுழைப்பின் பயனாக 1957இல் ‘சித்திர பாரதி’ வெளிவந்தது. படங்களையும் ஆவணங்களையும் சான்றாகக் கொண்டு ஒரு கவிஞரின் வாழ்க்கையைச் சொன்ன அந்நூல், செவிவழிச் செய்திகளுக்கு மாற்றாக ஆதாரத்தை முன்னிறுத்தியது. நூல்வடிவம் பெறாதிருந்த எழுத்துகளைப் ‘பாரதி புதையல்’ என்னும் தொகுதிகளாகவும் அவர் வெளியிட்டார். தமிழ் இதழ்களின் வரலாற்றையும் தனி நூலாக எழுதினார்.

இப்பணியில் அவர் தனித்து நிற்கவில்லை. பெ. தூரன், ‘சுதேசமித்திரன்’ பழைய இதழ்களைத் தேடிப் படித்துப் ‘பாரதி தமிழ்’ என்னும் தொகுப்பை அளித்தார். இளசை மணியன் முதலியோரின் முயற்சியால் ‘இந்தியா’ இதழ் எழுத்துகள் ‘பாரதி தரிசனம்’ என்னும் பெயரில் நூலாயின. சீனி. விசுவநாதன், பாரதியின் படைப்புகளைக் கால வரிசையில் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி, ‘விஜயா’ கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்த நெடும்பயணம் இது.

மூல இதழ் கற்பிப்பது

‘எழுத்துகள்தாம் நூலாகிவிட்டனவே, பழைய இதழ் இனி எதற்கு?’ என்னும் ஐயம் எழலாம். ஒரு பாடலை நூலில் படிக்கும்போது அதன் சொற்களை மட்டுமே காண்கிறோம். அதையே இதழில் காணும்போது, அது வெளிவந்த நாளை அறிகிறோம். அதே பக்கத்தில் எந்தச் செய்தி இருந்தது, எந்தத் தலைவர் சிறைப்பட்டிருந்தார், எந்தக் கருத்துப்படம் அருகில் நின்றது என்பனவற்றையும் அறிகிறோம். பாடல் பிறந்த சூழல் கண்முன் விரிகிறது. மேலும், பெயரில்லாக் கட்டுரை ஒன்று பாரதியுடையதா என்பதைத் துணிவதற்கு நடை, சொல்லாட்சி, அடுத்தடுத்த இதழ்களின் தொடர்ச்சி ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். மூல இதழ் இல்லையேல் அந்த ஆய்வுக்கு அடித்தளமே இல்லை.

இங்கு ஒரு முரணையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கில அரசு, இந்திய மொழி இதழ்களைக் கண்காணித்து, அவற்றின் முக்கியப் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கைகளாகத் தொகுத்தது. அடக்குவதற்காகத் தொகுக்கப்பட்ட அவ்வறிக்கைகள் இன்று ஆய்வாளர்க்குச் சான்றாகப் பயன்படுகின்றன. ஓர் இதழின் மூலப்படி கிடைக்காதபோது, அதில் வந்த கருத்தை அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் வழியே அறிய நேரிடுகிறது. தமிழில் எழுதப்பட்டதைத் தமிழர் ஆங்கிலத்தில் தேடும் நிலை அது. கருத்து கிடைக்கும், பாரதியின் தமிழ் கிடைக்காது.

தாளின் பகை

பழைய இதழ்களுக்கு வெளிப்பகையும் உண்டு, உட்பகையும் உண்டு. கறையான், வெள்ளிப்பூச்சி, ஈரம், வெயில் ஆகியன வெளிப்பகை. உட்பகை தாளிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நாளிதழ்த் தாள் மரக்கூழால் செய்யப்பட்டு வருகிறது. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாற்றமடைந்து தாளை மஞ்சளாக்குகிறது. தாளில் உள்ள அமிலம் அதன் இழைகளைச் சிதைக்கிறது. மடிப்பில் தொட்டாலே தாள் ஒடிவது இதனால்தான்.

இதற்கு மாற்றாக நுண்படம் எடுக்கும் முறை தோன்றியது. இதழின் பக்கங்களைச் சிறிய படச்சுருளில் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும். முறையாகக் காத்தால் சுருள் நெடுங்காலம் நிலைக்கும். ஆனால், நுண்படம் எடுத்தபின் மூல இதழ்களைக் கழித்துவிடும் வழக்கம் மேலைநாட்டு நூலகங்கள் பலவற்றில் பரவியது. 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை விற்க முன்வந்தபோது, நிக்கல்சன் பேக்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தம் சேமிப்பைச் செலவிட்டுப் பல தொகுதிகளை வாங்கினார். பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் அவற்றைப் பாதுகாத்தார். 2004இல் அத்தொகுப்பு டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வண்ணப்பக்கங்கள் கருப்பு வெள்ளைச் சுருளில் தம் அழகை இழந்துவிடும் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. ‘இந்தியா’வின் சிவப்புத் தாளை நினைத்துப் பார்த்தால், அவ்வாதத்தின் வலிமை நமக்கும் விளங்கும். எழுத்தைப் படம் காக்கும். இதழைத் தாளே காக்கும்.

தனிமனிதர் முயற்சியும் பொதுப் பொறுப்பும்

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா ஓர் ஓவியர். நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களை அவர் சேர்த்தார். அவருடைய மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது; எனினும் வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவ்வாறு உருவானது.

ஒருவர் சேர்த்தது பொது நிறுவனத்தை அடைந்தால்தான் அவருக்குப் பின்னும் வாழும். அந்த நிறுவனத்திலும் ஒரே ஒரு படி இருப்பது போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் ஆவணங்களும் மீளா வகையில் அழிந்தன. சேர்த்தல், காத்தல், படியெடுத்தல், பலர்க்கும் பயன்படச் செய்தல் ஆகிய நான்கும் நிறைந்தபோதே தொகுப்பு முழுமை பெறுகிறது.

நம் வீட்டுப் பரணிலோ, ஊர்ப் படிப்பகத்தின் அடுக்கிலோ கயிற்றால் கட்டிய ஒரு பழந்தாள் கட்டு இருக்கலாம். அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பக்கம் அதில் இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ உள்ள மிகப் பழைய இதழ் ஒன்றைக் கண்டறிந்து, அதன் பெயர், நாள், விலை, விளம்பரங்கள், முதன்மைச் செய்தி ஆகியவற்றைப் பட்டியலிடுக.

2. ‘நுண்படம் இருக்கும்போது மூல இதழ் தேவையா?’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளி ஆண்டு மலர்களை ஆண்டு வரிசையில் தொகுத்துப் பாதுகாக்கத் திட்டம் ஒன்று வகுக்க.