நாலு இதழ், எட்டுக் கேசரம்: கானோரத்து நீர்க்கிராம்பின் குடும்பம்

கான் ஓரத்திலும், பீலிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்திலும் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி நிற்கும். நீர்க்கிராம்பு என்பார்கள். விரிந்த பூ ஒரே நாளில் இதழ் கொட்டிவிடும். பங்களாத் தோட்டத்தில் சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்கும் பியூசியாவையும் பார்த்திருப்பீங்க. இரண்டும் ஒரே குடும்பம் என்றால் நம்பக் கஷ்டம்தான். பூவைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள்.

நீர்க்கிராம்பில் பச்சைப் புல்லி நாலு, மஞ்சள் இதழ் நாலு, மகரந்தம் தாங்கும் கேசரம் எட்டு. பியூசியாவிலும் இதே கணக்குத்தான். அதில் வெளியே சிவப்பாக விரிவது இதழ் இல்லை, புல்லி. உள்ளே சுருண்டிருக்கும் ஊதாதான் இதழ்.

இதைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. கத்தரிப் பூவில் பிஞ்சு பூவுக்குள்ளே பிடிக்கும். இந்தக் குடும்பத்தில் பிஞ்சு பூவுக்குக் கீழே இருக்கும். நீர்க்கிராம்பில் பலபேர் அதைக் காம்பு என்றே நினைப்பார்கள். நகத்தால் கிள்ளினால் உள்ளே பொடிப்பொடியாக விதைகள் தெரியும். இதழ் உதிர்ந்த பிறகும் நாலு புல்லியும் காயின் தலையில் நிற்கும். பார்க்கக் கிராம்பு மாதிரி இருப்பதால்தான் இந்தப் பெயர். கறிக்குப் போடும் கிராம்பு வேறு. அது ஜம்பு, கொய்யாவின் இனம்.

இக்குடும்பத்தில் ஈவினிங் பிரிம்ரோஸ் என்று ஒரு வட அமெரிக்கச் செடியும் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் மலரும். அந்துப்பூச்சிகள் தேடி வரும். இதன் விதை எண்ணெயைக் குளிசையாக்கி, தோல் கரப்பானுக்கு நல்லது என்று விற்பார்கள். போதிய பலன் காணவில்லை என்று பிரித்தானியா 2002இல் அந்த மருந்துகளின் அனுமதியை எடுத்துவிட்டது. பிள்ளைக்கென்று கடன்பட்டு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீர்க்கிராம்புக்குத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரிய சொந்தம் இருக்கிறது. ஆளைவிட உயரமாக, புதராக வளரும். பூவும் பெரிது, சிலதில் இதழ் ஐந்து. தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சதுப்பு நிலங்களை மூடிக்கொண்டது இதுதான். யானையும் காட்டெருமையும் மேயும் புல் அங்கே அடிபட்டுப் போனது. ஈரத்தில் விழுந்த தண்டுத் துண்டுகூட வேர்விடும். ஆகவே இப்படியான செடியைப் பிடுங்கினால் கானுக்குள் எறியாதீர்கள். காய் முற்றுமுன் பிடுங்கி, மேட்டில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள்.