உப்புக் குவியல் குழியாகத் தெரிவது ஏன்?

அதிராம்பட்டினம் உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பைச் சாய்வெயிலில் மேலிருந்து படம் எடுத்து, வெயில் படும் பக்கம் மேலே வரும்படி வைத்துப் பார்த்தால் மேடுகள் தெரியும். அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அவை குழிகளாகிவிடும்.

விழித்திரையில் விழுவது தட்டையான பிம்பம். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்றால் அது மேலிருந்து ஒளி பட்ட மேடாகவும் இருக்கலாம், கீழிருந்து ஒளி பட்ட குழியாகவும் இருக்கலாம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று வைத்துக்கொண்டே மூளை முடிவு கட்டுகிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே பார்வையைத் தன்னையறியாத அனுமானம் என்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், நிழலிட்ட வட்டங்களைக் கொண்டு 1988-ல் இதை ஆராய்ந்தார். எது ‘மேல்’ என்பதை மூளை வானத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை, தலையை வைத்தே தீர்மானிக்கிறது. குனிந்து கால்களுக்கு இடையே பார்த்தால், படத்தைத் தொடாமலே மேடு குழியாகும்.

இப்படி அனுமானிக்க வழிசெய்வது மூளையின் அமைப்பே. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையின் நடுவே உள்ள தலாமஸ் வழியாகப் பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்குப் போகிறது. ஆனால் தலாமஸின் பார்வைப் பகுதிக்கு வந்து சேரும் இணைப்புகளில் விழித்திரையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மற்றவை மூளையின் பிற பகுதிகளிலிருந்து வருபவை. அவற்றில் கணிசமானவை புறணியிலிருந்து திரும்பி வருபவை. செய்தி மேலே ஏறும்போதே எதிர்பார்ப்பு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பிம்பம் இருபொருள் தரும்போது எதிர்பார்ப்பின் கை ஓங்கும். அதிராம்பட்டினம் இருக்கும் தஞ்சை மாவட்டத்திலேயே இதற்குக் கல்லில் சான்று உண்டு. இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் ரிஷப குஞ்சரச் சிற்பத்தில் காளைக்கும் யானைக்கும் தலை ஒன்றே. வழிகாட்டி யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடலை மறைத்தால் யானை. பார்ப்பவரின் எதிர்பார்ப்பை ஒரு கையால் திருப்பிவிடும் வித்தை இது. செதுக்கிய சிற்பிக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. சூரிச் உயிரியல் பூங்காவில், வாத்தாகவும் முயலாகவும் தெரியும் படத்தைக் காட்டியபோது, முயல் பொம்மைகள் மலியும் ஈஸ்டர் அன்று பெரும்பாலோர் முயல் என்றனர். அக்டோபரில் பெரும்பாலோர் பறவை என்றனர். 1993-ல் வெளியான ஆய்வு இது.

உப்புக் குவியல் இப்படி வளைந்து கொடுப்பதில்லை. உப்பளத்திலேயே வேலை செய்பவருக்கும் தலைகீழ்ப் படத்தில் குழிதான் முதலில் தெரியும். அறிவு வேறு, பார்வைப் பழக்கம் வேறு. ஆனால் பழக்கத்தையும் மாற்றலாம். வெளிச்சம் வேறு திசையிலிருந்து வந்தால் மட்டுமே பொருந்தும் மேடுபள்ளங்களை ஆய்வில் பங்கேற்றவர்கள் பார்த்தபடியே தொட்டும் உணர்ந்தபோது, ஒளியின் திசை பற்றிய அவர்களது எதிர்பார்ப்பே அந்தப் பக்கம் நகர்ந்ததை 2004-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.