மதுரையில் பிறந்து கராச்சி கடலில் படை நடத்தியவர்

விவேக் நகர், ஆஸ்டின் டவுன், அல்சூர் பகுதித் தமிழர்களுக்குப் பட்டாளம் என்ற சொல் புதிதல்ல. பேரீச்சம் பழமும் ரம் பாட்டிலும் கொண்டு விடுமுறைக்கு வரும் மாமாவின் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. ஆனால் கடற்படை என்றால் சற்று எட்டத்து விஷயம்தான். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். போர்க் கப்பலைப் படத்தில் பார்த்தவர்களே இங்கு அதிகம்.

மதுரையும் கடல் இல்லாத ஊர்தான். அந்த ஊரில் 1926-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி பிறந்த ஒருவர், இந்தியக் கடற்படையின் மிகப் பெரிய தாக்குதல்களில் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அவர் பெயர் காசர்கோடு பட்டணஷெட்டி கோபால் ராவ். பெயரில் உள்ள காசர்கோடு இன்று கர்நாடக எல்லையை ஒட்டிய கேரள மாவட்டம். 1956 வரை அது தென் கன்னட மாவட்டத்தோடு சேர்ந்து இருந்தது.

1950-ல் கடற்படை அதிகாரியான அவர், 1971 போர் மூண்டபோது கமாண்டர் பதவியில் இருந்தார். 'கில்தான்' என்ற போர்க் கப்பல் அவர் பொறுப்பில் இருந்தது. லட்சத்தீவுகளில் ஒன்றின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அப்போது அவருக்கு வயது 45.

நீண்ட தூரம் போகாத படகுகள்

ரஷியாவிலிருந்து வாங்கிய ஏவுகணைப் படகுகள் அப்போது கடற்படைக்குப் புதிது. ஒவ்வொன்றிலும் 4 ஏவுகணைகள். வேகம் அதிகம், அடி பலமானது. ஆனால் அவை துறைமுகக் காவலுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. அதிக தூரம் ஓடும் அளவுக்கு எரிபொருள் தாங்காது. அவற்றைக் கொண்டுபோய்க் கராச்சியையே தாக்குவது என்று கடற்படை முடிவு செய்தது. அப்போது தளபதியாக இருந்தவர் அட்மிரல் நந்தா. திட்டத்துக்கு 'டிரைடென்ட்' என்று பெயர். திரிசூலம் என்று பொருள்.

'நிபாத்', 'நிர்காத்', 'வீர்' ஆகிய 3 படகுகள் புறப்பட்டன. படகுகளின் அணித் தலைவர் கமாண்டர் பாப்ரு பான் யாதவ். துணைக்கு 'கில்தான்', 'கட்சால்' என்ற 2 கப்பல்கள். இவை முக்கியமாக நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுபவை. ஏவுகணை இவற்றில் கிடையாது. நீர்மூழ்கி வந்தால் படகுகளைக் காப்பதும், தொலைவில் வருவதைக் கண்டு சொல்வதும் இவற்றின் வேலை. மொத்த அணிக்கும் பொறுப்பு கோபால் ராவ்.

டிசம்பர் 4-ந் தேதி பகல் முழுவதும் கராச்சிக்குத் தெற்கே சுமார் 250 கடல் மைல் தொலைவில் அணி காத்திருந்தது. பகலில் நெருங்கினால் விமானங்கள் பார்த்துவிடும். பொழுது சாய்ந்த பிறகே வடக்கு நோக்கி விரைந்தது.

அன்றிரவு 'நிர்காத்' ஏவிய ஏவுகணைகள் 'கைபர்' என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. பாய்ந்து வருவது ஏவுகணை என்று அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விமானம் என்று எண்ணி அதை நோக்கிச் சுட்டார்கள். 'முஹாபிஸ்' என்ற கண்ணிவாரிக் கப்பலும், 'வீனஸ் சாலஞ்சர்' என்ற சரக்குக் கப்பலும் மூழ்கின. அதன் பின் கராச்சி துறைமுக எண்ணெய்க் கிடங்குகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. எதிர்த்தரப்பில் 200-க்கும் மேற்பட்ட மாலுமிகள் உயிரிழந்தனர். கோபால் ராவின் அணியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

போரில் இதெல்லாம் சாதாரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து நாள் கழித்து, 9-ந் தேதி இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி நமது 'குக்ரி' கப்பல் மூழ்கியது. கேப்டன் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். அதே அரபிக் கடல்தான். அதே நீர்மூழ்கி அபாயத்தில்தான் கோபால் ராவ் தன் அணியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தார்.

விருதும் ஓய்வும்

நாட்டின் இரண்டாவது உயரிய போர் விருதான மகாவீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்றவர் அவர். யாதவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. அந்த இரவின் நினைவாகவே டிசம்பர் 4-ந் தேதி ஆண்டுதோறும் கடற்படை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

கமோடோர் பதவி வரை உயர்ந்த கோபால் ராவ், ஓய்வுக் காலத்தைச் சென்னையில் கழித்தார். அவர் நடத்திய 'கில்தான்' கப்பலுக்கும் 1987-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2010-ல் யாதவ் காலமானார். 2017 அக்டோபரில் அதே 'கில்தான்' பெயரில் புதிய போர்க் கப்பல் ஒன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. பழைய கப்பலின் தலைவர் அப்போது 91 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

2021 ஆகஸ்ட் 9-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். வயது 94. போர் வெற்றியின் பொன்விழா ஆண்டு அது. கராச்சி தாக்குதலின் 50-ம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் 4 மாதம்கூட இல்லை.

டிசம்பர் 4-ந் தேதி கடற்படை தினம் என்று பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுக்காகப் படிக்கிறார்கள். அந்த நாளை உண்டாக்கியவர்களில் ஒருவர் மதுரைக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். 1971-ல் இருபது வயதில் சீருடை அணிந்தவர்கள்கூட இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நம் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.