வெள்ளை பீரில் தனியா

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் காலை வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஏதோ ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தனியா வறுபடும் மணம் வந்து நம்மை ஒரு கணம் தயங்க வைக்காமல் போவதில்லை. கண்டோன்மென்ட் காலத்தில் பட்டாளத்தைத் தொடர்ந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட தமிழர்களின் சந்ததியாரும், கன்னடமும் உருதுவும் தெலுங்கும் பேசும் அண்டை வீட்டாரும் கலந்து வாழும் இந்தப் பகுதியில், பாஷை வீட்டுக்கு வீடு மாறினாலும் தனியா ஒன்றுதான் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். தனியாவிலும் ஜாதிபேதம் உண்டு என்பதையும், ஒரு ஜாதியை வைத்து எழுதிய அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதையும் எனக்குக் கற்பித்தது, கடல் கடந்த பெல்ஜியம் தேசத்துக் கோதுமை பீர்.

பெல்ஜியத்தில் லூவன் நகரிலிருந்து சிறிது தூரத்தில் ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. முளைகட்டாத கோதுமையையும், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டையும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து, சிறிது ஓட்ஸும் கூட்டி, தனியாவும் உலர்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோலும் இட்டுக் காய்ச்சும் 'வெள்ளை பீர்' அந்த ஊரின் பூர்விக ஆஸ்தி. கோதுமையின் புரதமும் மாவுச்சத்தும் ஈஸ்டும் அடியில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால், வடித்த கஞ்சியைப் போன்று வெளிறிய மங்கலோடு அது நிற்கிறது, பெயர்க்காரணம் அதுவே. 1516-ல் பவேரியாவின் பிரபுக்கள், பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ், தண்ணீர் என்ற மூன்றையன்றிப் பீரில் வேறொன்றும் சேரலாகாது என்று கட்டளை பிறப்பித்தார்கள். அந்தக் கட்டளை செல்லுபடியாகாத, பெல்ஜியமும் அடங்கிய தாழ்நாடுகளிலோ, 1634 முதல் டச்சுக்காரர் வசமிருந்த குரசாவ் தீவின் ஆரஞ்சுத் தோலும், கீழைத் தேசங்களின் வாசனைத் திரவியங்களும் துறைமுகங்களில் வந்து இறங்கிய வண்ணம் இருந்தன.

இத்தனை பழைமையான பானமும் ஒரு நாள் அற்றுப்போயிற்று. ஹூகார்டனின் கடைசி வெள்ளை பீர் ஆலை 1957-ல் கதவை அடைத்தது. அந்த ஆலைக்கு அண்டை வீட்டில் வளர்ந்து, சிறுவயதில் அங்கே கைவேலையும் செய்து பழகிய பியேர் செலிஸ் என்ற பால்காரர், ஊரார் அந்த ருசியை நினைத்து ஏங்குவதைக் கேட்டுக் கேட்டு, 1966-ல் தாமே அதைக் காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகெங்கும் அந்தப் பாணியில் வழங்கும் வெள்ளை பீர் அனைத்துக்கும் மூலம் அந்தப் பால்காரரின் ஞாபகம்தான். ஒரு ருசி ஏட்டில் பிழைப்பதைவிட நாக்கில் பிழைப்பதே அதிகம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரியாது.

நம் ஊருக்கும் பீருக்கும் உள்ள சம்பந்தமும் நேற்று வந்ததன்று. நீலகிரியில் 1857-ல் தோன்றிய காஸில் ஆலையையும், 1885-ல் தோன்றிய பெங்களூர் ப்ரூயிங் கம்பெனியையும், இன்னும் சிலவற்றையும் 1915-ல் ஒன்றாக்கித் தாமஸ் லீஷ்மன் அமைத்ததே யுனைடெட் ப்ரூவரீஸ். அக்காலத்தில் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கான பீர் பெரும் பீப்பாய்களில் மாட்டுவண்டியேறிச் சென்றது. சென்ற பதினைந்து ஆண்டுகளில், சிற்றாலைகளுக்குத் தனி லைசென்ஸ் கிடைக்கலானபின், விடுதியிலேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் வழக்கம் நகரெங்கும் பரவிவிட்டது. ஜீவனஹள்ளிக்கு அதிக தூரமில்லாத இந்திராநகரில் டாய்ட் என்ற விடுதியில் 'டின்டின் டாய்ட்' என்ற பெயரில், தனியாவும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த பெல்ஜியப் பாணி வெள்ளை பீரையே காய்ச்சி ஊற்றுகிறார்கள்.

அந்தப் பீரில் தனியாவின் அளவை வீட்டிலேயே பரிசோதித்துப் பார்க்க எனக்கு ஆசை எழுந்தது. இங்கிலாந்தில் 1963 முதல் ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால் அங்கே வீட்டுப் பீர் ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்து, சமையலறைகளே சோதனைச்சாலைகளாயின. 1965-ஆம் வருஷத்துக் கர்நாடகக் கலால் சட்டமோ லைசென்ஸ் இன்றி மது தயாரிக்க இடம் தருவதில்லை. ஆகவே என் பரிசோதனையில் ஒரு துளி மதுவையும் நான் காய்ச்சவில்லை. மசாலா சேராத கோதுமை பீரைக் கடையில் வாங்கி, சிறு கண்ணாடித் தம்ளர்களில் 100 மில்லியாகப் பகிர்ந்து, தனியாக வெந்நீரில் இறக்கிய வாசனைச் சாற்றைச் சொட்டுக் குழாயால் எண்ணி எண்ணிச் சேர்த்துப் பார்த்தேன். வீட்டில் பீர் காய்ச்சப் பழகிய மேல்நாட்டாரும், ஒரு புதிய மசாலாவை இருபது லிட்டர்ப் பாத்திரத்தில் கொட்டுமுன் இந்த வழியில் அளவு பார்த்துக்கொள்வதுண்டு.

முதல் நாளே தோல்வி. இருபது லிட்டருக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் தனியா, அதாவது லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் என்பது அவர்கள் வழக்கம். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் வாங்கிய தனியாவை அதே கணக்கில் இடித்துப் போட்டால் மணமே எழவில்லை. அளவை மூன்று மடங்காக்கினேன். மணம் வந்தது, ஆனால் அதனோடு பச்சை வைக்கோலைக் கடித்தது போன்ற ஒரு துவர்ப்பும் வந்தது. வியாபாரியின் பேரில் சந்தேகப்பட்ட எனக்குப் பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஐரோப்பியத் தனியா உருண்டையானது, ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. அதில் ஆவியாகும் வாசனைத் தைலம் 100 கிராமுக்கு 0.8 முதல் 1.8 கிராம் வரை இருக்கும். நம் தனியா பெரியது, முட்டை வடிவாக நீண்டது, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இருப்பது. அதில் தைலம் 0.1 முதல் 0.4 கிராம்தான். நமது விதைக்கு மணம் குறைவென்று இதனால் யாரும் வருந்த வேண்டியதில்லை. கோவில்பட்டிக் கரிசலில் வானம் பார்த்து விளையும் தனியா குழம்புக்கு உடம்பு தருவதற்கானதே தவிர, தைலம் வடிப்பதற்கானது அன்று. ஆனால் பீரில் அது சங்கடம் விளைவிக்கிறது. மணத்துக்காக அளவைக் கூட்டும்போது, தோலின் துவர்ப்பும், விதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் ஆவியாகாத கொழுப்பெண்ணெயும் கூடவே பெருகுகின்றன. அந்தக் கொழுப்பில் சிறிதளவு கலந்தாலும் வெள்ளை பீரின் அழகாகிய நுரை படுத்துவிடும்.

தனியாத் தைலத்தின் நாயகப் பொருள் லினலூல். ஐரோப்பிய விதையின் தைலத்தில் 100-க்கு 60 முதல் 80 பங்கு அதுவே. மலர் மணமும் எலுமிச்சைச் சாயலும் அதனால் விளைவன. அது நீராவியோடு சேர்ந்து பறந்துபோகும் சுபாவமுடையது. ஆவி செலுத்தித்தான் அந்தத் தைலத்தையே வடிக்கிறார்கள். ஆகையால், கொதிக்கும் மால்ட் கஷாயத்தில் தனியாவை ஒரு மணி நேரம் விட்டுவைப்பது, அதன் மணத்தை ஆகாயத்துக்குத் தானம் செய்வதாகும். கொதி அடங்குவதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னர், அல்லது அடுப்பை அணைத்தபின் இடித்துப் போட்டு மூடிவைப்பதே முறை. இதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. ரஸம் நுரை கட்டி எழும்பும் தறுவாயில், தளதளவென்று கொதிக்க விடாமல் இறக்கி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டுத் தட்டால் மூடும் கைப்பழக்கத்தில் இருப்பது இதே ரஸாயனம். கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெங்களூரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஹாப்ஸின் கசப்பு இறங்க இது சற்றே பாதகம், ஆனால் கொதிப்பின் வேகத்தை அடக்கிவைத்தால் வாசனைக்கு அத்தனை பாதகமில்லை. வறுத்த தனியாவையும் சோதித்தேன். வறுப்பில் லினலூல் பெரும்பாலும் விலகி, வறுகடலையின் மணம் புகுந்துகொள்கிறது. குழம்புக்கு உயிரான அந்த மணம் வெள்ளை பீரில் முற்றிலும் அந்நியம்.

ஆயினும் இந்தக் கதையின் மெய்யான சமையற்காரன் தனியா அன்று, ஈஸ்ட் என்னும் அந்தச் சூக்ஷ்ம ஜீவி. கோதுமையிலும் பார்லியிலும் தவிட்டுப் பகுதியோடு பிணைந்து ஃபெருலிக் அமிலம் என்று ஒரு பொருள் இருக்கிறது. அரைத்த தானியத்தைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் அது விடுபட்டுக் கரைகிறது; கோதுமை பீருக்குரிய ஈஸ்ட் அதைச் சிதைத்து, கிராம்பு மணமுடைய வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒரு கிராம்பும் போடாத பீரில் கிராம்பு மணக்கும் அதிசயம் இதுதான். சாதாரணப் பீர் ஈஸ்ட்கள் பல, மனிதன் கையில் வளர்ந்த நூற்றாண்டுகளில் இந்தச் சக்தியை இழந்துவிட்டன. 2016-ல் ஹூகார்டனுக்குப் பக்கத்து லூவன் நகரத்து விஞ்ஞானிகளும் அவர்களுடைய துணைவர்களும் 157 ஈஸ்ட் வகைகளின் மரபெழுத்தைப் படித்து, அந்த மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சாதாரணப் பீர் ஈஸ்ட்கள் பலவற்றில் பழுதாகிக் கிடப்பதையும், கோதுமை பீர் ஈஸ்ட்களில் பழுதின்றி இருப்பதையும் காட்டினார்கள். மணத்தை விரும்பாதவர்கள் தலைமுறை தலைமுறையாக மணமற்ற ஈஸ்டையே எடுத்து வளர்த்ததன் விளைவு இது.

ஈஸ்ட் தனியாவையும் சும்மா விடுவதில்லை. தனியாவில் லினலூலோடு ரோஜா மணமுடைய ஜெரானியாலும் சிறிதளவு உண்டு. நொதிக்கும்போது ஈஸ்ட் அதில் ஒரு பகுதியைச் சிட்ரனெல்லால் என்ற எலுமிச்சை மணப்பொருளாக மாற்றுவதை ஜப்பானில் ஸப்போரோ கம்பெனியின் கியோஷி தகோய் முதலியோர் 2010-ல் ஆராய்ந்து எழுதினார்கள். என் சொட்டுக் குழாய்ப் பரிசோதனையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது: நான் சேர்க்கும் சாறு நொதிப்பைக் காணாதது. விடுதியில் காய்ச்சிய வெள்ளை பீரை என் தம்ளரோடு ஒப்பிட்டபோது, அதில் தனியாவும் ஆரஞ்சும் தனித்தனியே அடையாளம் தெரியாமல் ஒரே பழமாகக் கனிந்திருந்ததும், என்னுடையதில் தனியா தனியாவாகவே நின்றதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

ருசியில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது மிகச் சுலபமாதலால், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆலையார் 1940-களில் வகுத்த முக்கோணச் சோதனையைக் கைக்கொண்டேன். மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறானது எது என்று, எதில் எதை ஊற்றியது என்று அறியாதவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆறு முறைக்கு ஐந்து முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர்வது 100-க்கு இரண்டு தடவைகூட இல்லை. என் மனைவி இரண்டு தடவைகள் ஆறுக்கு ஐந்து கண்டாள். வெகு நிச்சயமாக இருந்த நான் கண்டது மூன்றுதான்.

மற்ற மசாலாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏலக்காய் தனியாவின் பத்தில் ஒரு பங்கு எடையிலேயே பீரை முழுவதும் ஆண்டுவிடுகிறது. அதிலுள்ள யூகலிப்டஸ் சாயல் பாயசத்தில் சர்க்கரையோடு இணங்குமே ஒழிய இங்கே இணங்காது. கிராம்பு வீண், ஈஸ்ட் செய்த வேலையை அது இரைச்சலாகத் திருப்பிச் செய்கிறது. மிளகைக் கடைசி நிமிஷத்தில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டால், காரம் அதிகம் இறங்காமல் மரவாசனையை மட்டும் தந்து தனியாவுக்கு நல்ல துணையாகிறது. ஆரஞ்சுத் தோலில் என் வாக்கு, மேலே உள்ள மஞ்சள் பாகத்தை மட்டும் சீவியெடுத்த குடகு ஆரஞ்சுக்கே. உள்ளிருக்கும் வெள்ளைச் சதை தப்பித்தவறிச் சேர்ந்தால் மிஞ்சுவது கசப்பு. நார்த்தங்காய்த் தோலும் சிறிதளவில் நன்று.

லைசென்ஸ் பெற்றுக் காய்ச்சும் நம் ஊர்ச் சிற்றாலைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மேல்நாட்டு அளவை அப்படியே பிரதி செய்யாமல், ராஜஸ்தானத்துத் தனியா, கோவில்பட்டித் தனியா, உருண்டைச் சிறுதனியா ஆகியவற்றைத் தனித்தனியே, மற்றவை எதையும் மாற்றாமல், ஒரே ஈஸ்டில் நொதிக்க வைத்துப் பார்த்து, எடையும் நிமிஷமும் குறித்துவைத்து வெளியிடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை கடையில் தனியா வாங்கும்போது ஒரு பிடி எடுத்து, நீண்டதா உருண்டையா என்று பார்த்து, இரண்டு விதைகளை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்துவிட்டு வாங்குங்கள்.